முத்தத்துல கெடக்கதே போதும்: சின்னப் பிள்ளைங்க கைவேலை, விளையாட்டு பத்தி எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க வீடு செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவுல. மேக்க பாத்தா மலை, மலைக்கு அந்தப்பக்கம் கேரளா, ஆரியங்காவு, தென்மலை, புனலூர். எனக்கு ஆறு வயசுல ஒண்ணு, மூணு வயசுல ஒண்ணு, பக்கத்து வீட்டுல கொழுந்தனார் பிள்ளைங்க ரெண்டு, லீவு விட்டா புனலூர்ல இருந்து நாத்தனார் பிள்ளைங்களும் வந்துரும், ஆக மொத்தம் எப்பவும் நாலஞ்சு பேரு முத்தத்துல கெடப்பாங்க. முத்தம்னா வாசல் முன்னால உள்ள மண் தரை, வெளியூர்க்காரங்களுக்காக சொல்லுதேன். இவங்கள வச்சு நான் என்ன பண்ணுதேன்னு சொந்தக்காரங்க, தெருக்காரங்க, போன்ல பேசுற ஃப்ரெண்ட்ஸ்னு எல்லாரும் ஒரே கேள்விய மாத்தி மாத்தி கேக்காங்க, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

எந்த வயசுல இருந்து இதெல்லாம் பண்ண விடலாம்?

உக்காந்து கையில ஒண்ண பிடிக்க ஆரம்பிச்சாலே விளையாட்டு தான், ஆனா "செய்யுறது"ன்னா ஒண்ணரை ரெண்டு வயசுல இருந்து. அந்த வயசுல கிழிக்கும், கொட்டும், அள்ளும், திரும்ப கொட்டும். அது தான் அதுக்கு வேலை. கீரை ஆயும்போது ஒரு கட்டு காம்ப முன்னால போட்டா அரை மணி நேரம் உடைச்சுக்கிட்டே இருக்கும். மூணு வயசுல உருட்டும், ஒட்டும். நாலு அஞ்சுல மடிக்கும், பின்னும், மொட்டை கத்திரி பிடிக்கும். பக்கத்து வீட்டு பிள்ளை இதுக்குள்ள பின்னுதேன்னு ஒப்பிட வேண்டாம், எங்க வீட்டு ரெண்டுக்குமே கை பழகுன நேரம் வேற வேற.

ஒரு அளவு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. மூணு வயசுக்கு கீழ உள்ளதுங்க எத எடுத்தாலும் வாயில தான் வைக்கும். பொம்மை சோதிக்கிறவங்க சுமார் 3.2 செ.மீ. அகலமுள்ள ஒரு சின்ன குழாய் வச்சிருப்பாங்க, அதுக்குள்ள முழுசா அடங்குற சாமான் தொண்டையில சிக்கலாம்னு கணக்கு. புளியங்கொட்டை, மணி, பட்டன், பென் மூடி எல்லாம் அதுல அடங்கிரும். ரிமோட்ல போடுற வட்ட பேட்டரி இன்னும் மோசம், முழுங்குனா உணவுக்குழாயில மாட்டி ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ள புண்ணாக்கிரும், அத கண்ணுல படவே விடாதீங்க.

கிராஃப்ட் கிட் வாங்கணுமா? எங்க வீட்டுல ஒண்ணுமே இல்லையே

வேண்டாம். நம்ம ஊர்ல இருந்துகிட்டு ஒண்ணும் இல்லன்னு சொன்னா எனக்கு மனசு கேக்காது. தென்னை ஓலை, ஈக்கு, செரட்டை, பாளை, பாக்கு மட்டை, பூவரசு இலை, பனங்கொட்டை, சோளத்தட்டை, குளத்து மண்ணு, சாப்பாட்டு பருக்கை, பழைய அட்டைப்பெட்டி, கிழிஞ்ச சேலை. இதுல எது உங்க வாசல்ல இல்ல? காசு கொடுத்து வாங்குனது எங்க வீட்டுல மூணே மூணு தான், முனை மொட்டையா உள்ள ஒரு கத்திரி, ஒரு டப்பா கிரையான்ஸ், ஒரு சணல் நூல் கண்டு.

எங்க ஆச்சி ஓலையில பந்து பின்னி "ஓலப்பந்து"ன்னு மலையாளத்துல தான் சொல்லுவாங்க, ஊதுறது "பீப்பி". 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோட தான இருந்துச்சு, அப்புறம் தான நம்ம பக்கம் வந்துச்சு, அதனால அவங்க படிச்ச பள்ளிக்கூடமே மலையாளம். பேரு எந்த மொழியா இருந்தா என்ன, ஓலை ஒரே ஓலை. இப்போ புனலூர் பிள்ளைங்களும் எங்க பிள்ளைங்களும் விளையாடும்போது அதே வார்த்தை திரும்ப வருது, கேக்கவே நல்லா இருக்கு.

ஓலை காத்தாடி செஞ்சோம், சுத்தவே மாட்டேங்குது. என்ன தப்பு?

இது தான் எங்கிட்ட அதிகமா வர்ற கேள்வி. அதுவும் ஆனி ஆடியில, கணவாய் வழியா காத்து அடிச்சு தள்ளும்போது எல்லாருக்கும் காத்தாடி ஆசை வந்துரும்.

முதல்ல ஓலை. பச்சை குருத்தோலை வெட்டுன உடனே செஞ்சா துவண்டு போகும், காஞ்ச ஓலை ஒடிஞ்சு போகும். வெட்டி ஒரு நாள் நிழல்ல போட்ட ஓலை தான் சரி. பனை ஓலை கிடைச்சா இன்னும் நல்லது, வெறப்பா நிக்கும். ரெண்டு துண்டு எடுங்க, ஒவ்வொண்ணும் ஒரு சாண்ல பாதி நீளம், ரெண்டு விரல் அகலம். ரெண்டையும் கூட்டல் குறி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வைங்க. இப்போ நாலு இறக்கை வந்துருச்சா, ஒவ்வொரு இறக்கையோட வலது ஓரத்த மட்டும் லேசா உங்க பக்கமா வளைச்சு விடுங்க. நாலும் ஒரே மாதிரி வளையணும். முக்கால்வாசி பேரு இங்க தான் தப்பு பண்ணுதாங்க, மூணு வலது ஓரம், ஒண்ணு இடது ஓரம்னு வளைச்சிருப்பாங்க, காத்து ஒரு இறக்கைய இந்தப்பக்கம் தள்ளும், இன்னொண்ண அந்தப்பக்கம் தள்ளும், அப்புறம் எப்படி சுத்தும்? இறக்கை வளையாம தட்டையா இருந்தாலும் சுத்தாது, காத்து சறுக்கிப் போக ஒரு சரிவு வேணும்.

அடுத்து நடு ஓட்டை. கருவேல முள்ள எடுத்து நடுவுல குத்தி, அந்த முள்ள ரெண்டு மூணு தடவை சுத்தி சுத்தி ஓட்டைய கொஞ்சம் பெருசாக்குங்க. ஓலை முள்ளுல லொட லொடன்னு ஆடணும், இறுக்கமா இருந்தா முடிஞ்சுது. அப்புறம் முள்ளோட கூர் முனைய சோளத்தட்டைக்குள்ள சொருகுங்க, நெட்டி மாதிரி மெத்துன்னு இருக்கும், சுலபமா எறங்கும். முள்ளோட தடிச்ச அடிப்பக்கம் வெளிய நிக்கும், அது தான் காத்தாடி கழண்டு விழாம பிடிக்கிற தலை. கூர் உள்ள போயிட்டதால பிள்ளைக்கும் குத்தாது. தட்டைக்கும் ஓலைக்கும் நடுவுல ஒரு சின்ன துண்டு ஈக்கு வளையம் மாதிரி போட்டா உரசாம ஓடும்.

முள் எடுக்கிறது, குத்துறது பெரியவங்க வேலை. வளைக்கிறது பிள்ளை வேலை. போன ஆடியில எங்க சின்னது மூணு தடவை தப்பா வளைச்சா, நான் வாய தொறக்கல, நாலாவது தடவை அவளே திருப்பி வச்சுட்டு வாசல்ல நின்னா, காத்து வந்துச்சு பாருங்க, சர்ர்ருன்னு ஒரு சத்தம், அவ அத பாக்காம என் மூஞ்சிய தான் பாத்தா.

நுங்கு வண்டி, பாக்கு மட்டை வண்டி ரெண்டுல எது சேஃப்?

ரெண்டும் சேஃப் தான், இடம் தான் முக்கியம். ரோட்டுல வேண்டாம், முத்தத்துலயும் களத்துலயும் மட்டும்.

நுங்கு வண்டி சித்திரை வைகாசியில தான் முடியும். நுங்க நோண்டி சாப்பிட்ட ரெண்டு கூந்த எடுத்து ஒரு அடி நீளக் குச்சியோட ரெண்டு முனையிலயும் சொருகுங்க, நடுவுல இடம் இருக்கணும். பிள்ளையோட நெஞ்சு உசரத்துக்கு ஒரு கவட்டைக் கம்பு, அந்தக் கவட்டைய நடுக்குச்சியில வச்சு தள்ளுனா ஓடும். குச்சி சொருகுறதுக்கு பலம் வேணும், அத நீங்க செய்யுங்க. ரெண்டு மூணு நாள்ல கூந்து காஞ்சு ஓட்டை பெருசாகி கழண்டுரும், அப்போ புதுசா போட்டுக்கிடலாம்.

பாக்கு மட்டைக்கு ஒண்ணுமே செய்ய வேண்டாம். மட்டையோட அகலமான பக்கத்துல சின்னது உக்காரணும், முன்னால உள்ள தண்ட கெட்டியா பிடிச்சுக்கணும், பெருசு ஓலைப்பக்கம் பிடிச்சு இழுக்கணும். உக்காருறதுக்கு முன்னால மட்டைய திருப்பிப் பாத்துருங்க, உள்ள தேளு, பூரான் ஒளிஞ்சிருக்கும். பனை மட்டைய மட்டும் இதுக்கு எடுக்காதீங்க, அதோட ரெண்டு ஓரமும் கருக்கு, ரம்பம் மாதிரி அறுத்துரும்.

குன்றிமணி கோத்து மாலை போடலாமா? பாக்க எவ்வளவு அழகா இருக்கு

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

இதுல ரெண்டு மணி உண்டு, நெறைய பேரு ஒண்ணுன்னு நினைச்சுக்கிடுதாங்க. முழுக்க சிவப்பா, கொஞ்சம் பெருசா, தட்டையா இருக்கிறது ஆனைக்குன்றிமணி, அந்தப்பக்கம் மஞ்சாடின்னு சொல்லுவாங்க, அது பெரிய மரத்துல இருந்து விழும். சின்னதா, சிவப்புல ஒரு கறுப்பு பொட்டோட இருக்கிறது குன்றிமணி, அது கொடி, வேலியில படந்து கெடக்கும். ஒரு மணி சுமார் 0.12 கிராம், எல்லா மணியும் கிட்டத்தட்ட ஒரே எடை, அதனால தான் ஆசாரி தங்கம் நிறுக்க அத எடைக்கல்லா வச்சிருந்தாங்க. அதுக்குள்ள அப்ரின்னு ஒரு கடுமையான விஷம் இருக்கு. மேல் ஓடு ரொம்ப கெட்டி, ஒடையாம முழுசா முழுங்குனா பல சமயம் அப்படியே வெளிய வந்துரும், ஆனா கடிச்சாலோ ஓட்டை போட்டாலோ விஷம் வெளிய வர வழி ஆயிருச்சு. மாலை கோக்கணும்னா ஊசியால ஓட்டை போடணும்ல, அது தான் இருக்கதுலயே ஆபத்தான வேலை, போடுற நமக்கும் சேத்து.

எங்க பெரியவனுக்கு ரெண்டரை வயசு இருக்கும்போது ஒரு கோயில் கொடைக்கு போனப்போ அங்க ஒரு கடையில இந்த மணி கோத்த மாலை வாங்கிட்டு வந்தோம், எனக்கு அப்போ இது ஒண்ணும் தெரியாது. வீட்டுக்கு வந்து நூல் அத்துருச்சு. தரையெல்லாம் மணி. ஒருத்தங்க சொல்லித்தான் அது விஷம்னு தெரிஞ்சுது, மாலையில மொத்தம் எத்தனை இருந்துச்சுன்னும் எங்களுக்கு தெரியாது, அவன் வாய தொறக்கச் சொல்லி விரல விட்டு பாத்தேன், கட்டில இழுத்துப் போட்டு தேடுனோம், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம். நல்லவேளை அவன் முழுங்கல. அந்த ராத்திரிய நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

ஒருவேளை எந்தப் பிள்ளையாவது முழுங்கிட்டா, நல்லா தான விளையாடுதுன்னு விட்டுறாதீங்க, வாந்தி பேதி மணிக்கணக்குக்கு அப்புறம், சில நேரம் ஒரு நாள் கழிச்சுக்கூட வரலாம். வாந்தி எடுக்க வைக்காம, அதே மாதிரி இன்னொரு மணிய கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க. 108 தமிழ்நாடு, கேரளா ரெண்டு பக்கமும் வரும்.

மஞ்சாடியும் வாயில போடக் கூடாது தான், ஆனா நாலஞ்சு வயசுக்கு மேல, பக்கத்துல நாம இருக்கும்போது பல்லாங்குழி ஆட வச்சுக்கிடலாம். குருவாயூர்ல உருளி நெறைய சிவப்பு மணி வச்சிருப்பாங்க, பிள்ளைங்க ரெண்டு கையாலயும் வாரி வாரி விடும்ல, அந்த சந்தோஷம் வேணும்னா மூணு வயசு தாண்டுன பிள்ளைக்கு வீட்டுல ஒரு உருளியில புளியங்கொட்டை போட்டுக் கொடுங்க, சத்தம் இன்னும் நல்லா இருக்கும்.

இதோட சேத்து வேற எதெல்லாம் தொட விடக் கூடாதுன்னா, அரளி (இலை, பூ, காய் எல்லாமே), ஊமத்தங்காய், ஆமணக்கு விதை, வேலியில வைக்கிற காட்டாமணக்கு விதை, எருக்கம்பால். காட்டாமணக்கு விதை நெலக்கடலை மாதிரி இருக்கும், பிள்ளைங்க கூட்டமா உக்காந்து தின்னுட்டு வாந்தி எடுக்கிறது இந்தப் பக்கம் நடக்கிறது தான். எருக்கம்பால் கண்ணுல பட்டா நல்ல தண்ணியில கழுவிக்கிட்டே இருக்கணும், அப்புறம் கண் டாக்டர். புனலூர் பிள்ளைங்க கொண்டு வர்ற ரப்பர் விதையும் தின்னக் கூடாது, அடுக்க, எண்ண மட்டும் தான். அத தரையில தேச்சு சூடாக்கி அடுத்தவன் தொடையில வைக்கிற விளையாட்டு ஒண்ணு உண்டு, அதையும் பாத்துக்கோங்க.

களிமண்ணுல செஞ்ச அடுப்பு, அம்மி எல்லாம் காய வச்சா வெடிக்குது

மேல்பக்கம் சீக்கிரம் காஞ்சு சுருங்குது, உள்ள ஈரமாவே இருக்கு, அதனால தான் வெடிக்குது. வெயில்ல வைக்காதீங்க, நிழல்ல, மேல ஒரு ஈரத்துணி போட்டு மெதுவா காய விடுங்க. எதையும் கட்டைவிரல் தடிமனுக்கு மேல செய்யாதீங்க. குளத்து மண்ண ஒரு ராத்திரி ஊற வச்சு, கல்லு, வேரு எல்லாம் பொறுக்கிட்டு, நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலிச்ச மணல் சேத்து, சப்பாத்தி மாவு மாதிரி நல்லா மிதிச்சு பிசையணும். மிதிக்கிறத பிள்ளைங்ககிட்ட விடுங்க, அதுக்கு மேல ஒரு விளையாட்டு கிடையாது. கைகால்ல புண்ணு இருந்தா அன்னைக்கு மண்ணு வேண்டாம், விளையாடி முடிச்சதும் சோப்பு போட்டு நகம் வரைக்கும் கழுவணும்.

வீட்டுலயே மாவு பொம்மைக்கு மாவு எப்படி? கடையில வாங்குறது ரெண்டு நாள்ல காஞ்சுருது

ஒரு டம்ளர் மைதா, அரை டம்ளர் தூள் உப்பு, ஒரு டம்ளர் தண்ணி, ஒரு பெரிய ஸ்பூன் தேங்காய் எண்ணெய், அரை எலுமிச்சம்பழச் சாறு. எல்லாத்தையும் கட்டியில்லாம கரைச்சு, அடுப்ப சிம்ல வச்சு கிண்டிக்கிட்டே இருங்க. முதல்ல தோசை மாவு மாதிரி இருக்கும், ஒரு கட்டத்துல திடீர்னு திரண்டு சட்டியில ஒட்டாம உருண்டு வரும், அப்போ எறக்கி, கைச்சூடு ஆறுனதும் பிசைங்க. ஒட்டுனா இன்னும் ரெண்டு நிமிஷம் கிண்டியிருக்கணும்னு அர்த்தம். மஞ்சத்தூள், பீட்ரூட் சாறு போட்டு கலர் ஆக்கலாம். மூடி போட்ட டப்பாவுல வச்சா ஒரு வாரம் பத்து நாளு தாங்கும், சாரல் நாள்ல சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், வாடை மாறுனா தூக்கிப் போடுங்க.

சமையல் சாமான் தான, தின்னா ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லுதாங்க, அது தப்பு. அரை டம்ளர் உப்பு போட்டிருக்கோம், சின்னப் பிள்ளை ஒரு உருண்டை முழுங்குனாலே வாந்தி வரும், கூடுதலா உள்ள போனா உடம்புல உப்பு ஏறி ஆபத்து. வாயில வைக்கிற வயசு பிள்ளைக்கு உப்பு போடாத சப்பாத்தி மாவு போதும், அன்னைக்கே விளையாடிட்டு அன்னைக்கே தூக்கிப் போட்டுருங்க.

பசை?

சோத்துப் பருக்கை. பெரிய அட்டை ஒட்டணும்னா ரெண்டு ஸ்பூன் மைதாவ ஒரு டம்ளர் தண்ணியில காச்சிக்கோங்க, அந்தப்பக்கம் மைதாவுக்கே அமெரிக்கன் மாவுன்னு தான் பேரு. செவுத்துல போஸ்டர் ஒட்டுறவங்க பூச்சி வராம இருக்க அதுல மயில்துத்தம் போடுவாங்க, அது விஷம், பிள்ளைங்க பசையில போடாதீங்க.

கெமிக்கல் இல்லாத கலர் வேணும்

சங்குப்பூ ஒரு கொடி வேலியில விடுங்க, வேற ஒண்ணும் வேண்டாம். பத்து பூவ அரை டம்ளர் சுடுதண்ணியில போட்டா நல்ல நீலம் எறங்கும். அத மூணு கிண்ணத்துல பிரிச்சு, ஒண்ண அப்படியே விட்டுட்டு, ஒண்ணுல ரெண்டு சொட்டு எலுமிச்சை, ஒண்ணுல ஒரு சிட்டிகை ஆப்பசோடா. எலுமிச்சை விட்டது ஊதா ஆகி ரோஸ் ஆகும், சோடா போட்டது பச்சைக்கு திரும்பும். பூவுல உள்ள அந்தோசயனின்ங்கிற சாயம், புளிப்புல ஒரு நிறம், காரத்துல ஒரு நிறம் காட்டும், அதான் விஷயம். சொட்டு விடுற வேலைய பிள்ளைகிட்ட கொடுங்க, ஒரு மணி நேரத்துக்கு உங்கள தேடாது. மஞ்சத்தூள் கரைச்சு பேப்பர்ல பூசி காய வச்சு, சோப்பு தண்ணியில விரல தொட்டு அதுல எழுதுனா சிவப்பா எழுத்து வரும். இதே மஞ்சளுக்கு ஆச்சிமாரு சுண்ணாம்பு தொடுவாங்க, சின்னப் பிள்ளை பக்கத்துல சுண்ணாம்ப கொண்டு வராதீங்க, கண்ணுல பட்டா வெந்துரும்.

பரண்ல கெடக்குற பழைய பெயிண்ட் டப்பாவ தொறந்து செரட்டைக்கு கலர் அடிக்கிற வேலையும் வேண்டாம். பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் 2016ல தான் வந்துச்சு, 2017 நவம்பர்ல இருந்து தான் நடைமுறை. அதுக்கு முந்தின டப்பாவுல எவ்வளவு ஈயம் இருக்குன்னு யாருக்கு தெரியும்.

சாரல் விழுந்தா வெளிய விடவே முடியல, என்ன செய்ய?

ஏன் முடியாது? லேசான சாரல்ல அரை மணி நேரம் விடுங்க, வந்ததும் தலை துவட்டி உடுப்ப மாத்துங்க. காய்ச்சல் கிருமியால வருது, சாரலால இல்ல. இடி மின்னல், பலத்த காத்துன்னா உள்ள. அந்த நேரம் தென்ன மரத்துக்கு அடியில யாரும் நிக்கக் கூடாது, மட்டையும் காயும் விழும்.

காஞ்ச பாளை ஒண்ணு எடுத்துக்கோங்க, அதுவே வள்ளம் மாதிரி தான் இருக்கும், நடுவுல ஒரு உருண்டை களிமண் வச்சு ஈக்கு நட்டு பூவரசு இலைய பாய்மரத் துணி மாதிரி அதுல குத்துனா, தேங்குன தண்ணியில காத்து தள்ளிக்கிட்டு போகும். ஈக்கு முனைய மொட்டையா நறுக்கிருங்க, குனியும்போது கண்ணுல குத்தும். தண்ணி எவ்வளவு கொஞ்சமா இருந்தாலும் பக்கத்துல ஆளு வேணும், ஒரு வாளியில அடியில கெடக்குற தண்ணியில தலைகீழா விழுந்தாலே சின்னப் பிள்ளையால எந்திரிக்க முடியாது, சத்தமும் வராது. விளையாடி முடிச்சதும் வாளிய கவுத்துருங்க, கொசுவும் வராது.

ஓணத்துக்கு அத்தப்பூ போடுதோம், சின்னது எல்லாத்தையும் கலைச்சுருது

எங்க வீட்டுலயும் நாத்தனார் வந்தா அத்தத்துல இருந்து திருவோணம் வரைக்கும் பத்து நாளும் போடுவோம். சின்னதுக்கு தனியா ஒரு மொறம், தனியா ஒரு வட்டம் கொடுத்துருங்க, அத அது எப்படி வேணா போடட்டும், யாரும் சரி பண்ணக் கூடாது. கேந்திப்பூ இதழ் பிக்கிறது, வாடாமல்லி தனியா, தும்பை தனியா பிரிக்கிறது அவங்க வேலை. தோவாளையில இருந்து லோடு லோடா மலை தாண்டிப் போற பூவுல அரளியும் இருக்கும், அத மட்டும் ஒதுக்கிருங்க. 2024 மே மாசம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளிப்பூ வேண்டாம்னு நிறுத்திட்டாங்க, நம்ம வீட்டுல வாயில வைக்கிற பிள்ளை இருக்கும்போது நமக்கு எதுக்கு?

செல்போன கொடுக்காம எப்படி சமாளிக்கீங்க?

முழுசா இல்லாம இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ஒரு வயசுப் பிள்ளைக்கு ஸ்கிரீன் வேண்டாம், ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், ஒரு வயசுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு மூணு மணி நேரமாவது ஓடி ஆடணும். இந்த மூணு மணி நேரத்த நான் முத்தத்துல தான் கழிக்கேன். செல்ல பிடுங்கிட்டு போய் விளையாடுன்னு சொன்னா போகாது, நாம முதல்ல போய் முத்தத்துல உக்காரணும், கையில ஒரு ஓலைய எடுத்து பின்ன ஆரம்பிக்கணும், யாரையும் கூப்பிட வேண்டாம், அஞ்சு நிமிஷத்துல தானா பக்கத்துல வந்து நிக்கும்.

பாம்பு, பூச்சி பயம் இல்லையா?

இருக்கு, அதனால தான் காலையில முத்தத்த வாரியலால தூத்துட்டு தான் விடுதேன். ஓலைக் குவியல், வெறகுக் கட்டு, செங்கல் அடுக்கு இதுல பிள்ளை கைய விடக் கூடாது, ஓலை எடுக்கணும்னா நான் கம்பால தட்டி எடுத்துக் கொடுப்பேன். பொழுது சாஞ்சா உள்ள. கடி பட்டா கீறாம, கட்டாம, கடிச்ச இடத்த அசைக்காம நேரா அரசு ஆஸ்பத்திரி.

நானே அழகா செஞ்சு கொடுத்துட்டா என்ன? அது செஞ்சா கோணலா வருது, பாதியில விட்டுட்டு ஓடிருது

இந்த ஒரு கேள்விக்காக தான் நான் இவ்வளவும் எழுதுதேன்.

எங்க பெரியவன் ஒரு ப்ளே ஸ்கூல்ல படிச்சப்போ ஒரு நாள் பேப்பர் மயில் ஒண்ணு கொண்டு வந்தான், அவ்வளவு அழகு, தோகையில ஒரு மடிப்பு கூட தப்பு இல்ல. நீ தான் செஞ்சியா தங்கம்னு கேட்டேன். இல்ல, மிஸ் செஞ்சாங்க, நான் கண்ணு ஒட்டுனேன்னு சொன்னான். அத அவன் தொடவே இல்ல, செவுத்துல மாட்டி வச்சு அப்படியே மறந்துட்டான். அதே வாரம் அவன் களிமண்ணுல செஞ்ச ஆட்டுக்கல்லு, ஒரு பக்கம் சாஞ்சு, குழவி உள்ள போகவே போகாது, அத ராத்திரி தலைமாட்டுல வச்சுக்கிட்டு தூங்குனான்.

கத்தி, தீ, முள், பலமா சொருகுறது, இது நாலும் நம்ம வேலை. மிச்சம் எல்லாம் அதோட வேலை. கோணலா இருந்தா கோணலா இருக்கட்டும், நம்ம கைய மடியில வச்சுக்கிட்டு பக்கத்துல உக்காரணும், அது கஷ்டம் தான், எனக்கும் கை பரபரங்கும். கேட்டா மட்டும் காட்டிக் கொடுங்க, அதுவும் உங்க ஓலையில செஞ்சு காட்டுங்க, அதோட ஓலைய வாங்காதீங்க. "சூப்பர்"னு சொல்லுறதுக்கு பதிலா "இது எப்படி நிக்குது, இந்த முடிச்சு எப்படி போட்ட"ன்னு கேளுங்க, அது சொல்லுறத முழுசா கேளுங்க. பாதியில விட்டுட்டு ஓடுனா விடுங்க, மூணு வயசுக்கு பத்து நிமிஷமே பெரிய நேரம். அத எடுத்து வைக்காம அங்கயே போட்டு வைங்க, சாய்ங்காலம் திரும்ப வந்து தொடுறத எத்தனையோ தடவை பாத்திருக்கேன்.

வீடெல்லாம் அழுக்கு, அத்தை சத்தம் போடுதாங்க

ஒரு பழைய பாய், அது தான் எல்லை. மண்ணு, மாவு எல்லாம் பாய்க்குள்ள. முடிச்சதும் பாய உதறுறது பிள்ளையோட வேலை. அத்தைய திட்டவும் செய்யாதீங்க, தள்ளியும் வைக்காதீங்க, "அத்தை, நீங்க சின்ன வயசுல என்ன செஞ்சு விளையாடுவீங்க, இவனுக்கு ஒண்ணு காட்டுங்க"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. எங்க அத்தை அப்படித்தான் பூவரசு இலைய சுருட்டி ஒரு முனைய அமுக்கி பீப்பி ஊதுனாங்க, நாப்பது வருஷத்துக்கு அப்புறம்னு சொன்னாங்க. இப்போ தெனமும் அவங்க தான் இலை பறிச்சுக் கொடுக்காங்க.

கடை பொம்மை வாங்கவே கூடாதா?

வாங்குங்க, ஐஎஸ்ஐ முத்திரை பாத்து வாங்குங்க, 2021 ஜனவரி 1ல இருந்து பொம்மைக்கு அது கட்டாயம். அரசாங்கத்துல பதிவு பண்ணுன கைவினைக்காரங்க செய்யுறதுக்கு மட்டும் விலக்கு உண்டு. நம்ம அம்பாசமுத்திரம் மரச் செப்பு ஒரு செட்டு வாங்குனா ரெண்டு தலைமுறைக்கு வரும், எங்க அம்மா விளையாடுன இட்லிக் கொப்பரை இப்போ என் மக கையில இருக்கு. சின்னச் சின்ன கரண்டிய மட்டும் மூணு வயசு வரைக்கும் எடுத்து வச்சிருந்தேன்.

மாடி வீடு, முத்தமே இல்லையே

ஊருக்கு போற யாரையாவது ஒரு கட்டு ஓலை, ஒரு பை குளத்து மண்ணு கொண்டு வரச் சொல்லுங்க. மொட்டை மாடியில ஒரு பேசின்ல மண்ணு, ஒரு செரட்டை, ஒரு பழைய கரண்டி. கைப்பிடிச் சுவர் பக்கத்துல ஏறி நிக்கிற மாதிரி எதையும் போடாதீங்க.

செஞ்சதெல்லாம் குவிஞ்சு கெடக்கு, எப்போ தூக்கிப் போடலாம்?

ஓலைச் சாமான் ரெண்டு நாள்ல தானா காஞ்சுரும், அத தென்னம்பிள்ளை மூட்டுல போட்டா உரம். மாவு வாடை மாறுனதும். மத்தத பிள்ளைகிட்ட கேக்காம தூக்கிப் போடாதீங்க. நான் ஒரு வாழைப்பழப் பெட்டிய கொடுத்திருக்கேன், அது நெறைஞ்சா எது போகணும்னு அவங்களே சொல்லுவாங்க. போன வாரம் பெட்டிய காலி பண்ணும்போது பெரியவன் அந்த சாஞ்ச ஆட்டுக்கல்ல எடுத்து தங்கச்சிகிட்ட கொடுத்து, "குழவி போகாது, நீ தண்ணி மட்டும் ஊத்து"ன்னு சொல்லிட்டு இருந்தான்.